வளைவில் வேண்டும் நிதானம்!

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 17,884 பேர் தமிழகத்தில் இறந்தவர்கள். பத்தில் ஏழு உயிரிழப்புகளுக்கு மிகை வேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. அந்த வேகம் நேர்சாலையைவிட வளைவில் ஏன் கூடுதல் ஆபத்தாகிறது என்பதை அறிய, இயற்பியலின் எளிய விதி ஒன்றே போதும்.

நகரும் பொருள் எதுவும் நேர்கோட்டிலேயே செல்ல முற்படும். அதை வட்டப்பாதையில் திருப்ப வேண்டுமெனில், வட்டத்தின் மையத்தை நோக்கி அதை இடைவிடாது இழுக்கும் விசை தேவை. அதுவே மையநோக்கு விசை. 1687-இல் வெளியான 'பிரின்சிபியா' நூலில் நியூட்டன் இதை விளக்கினார். தினைப்புனத்தில் கவண் சுழற்றியவர்களோ இதை அனுபவத்திலேயே அறிந்திருந்தனர். கயிறு உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும்வரை கல் சுழலும். ஒரு முனையை விட்டதும், அக்கணத்தில் எத்திசையில் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே நேராகப் பறந்துவிடும்.

வளைவில் திரும்பும் வாகனத்துக்குக் கயிறாக இருப்பது, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. புதுக்கோட்டை - அறந்தாங்கி சாலையில் எங்கள் வல்லத்திராக்கோட்டை வழியே செல்லும் இருசக்கர வாகனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமர்ந்திருக்கும் இருவரையும் சேர்த்து அதன் எடை 250 கிலோ எனக் கொள்வோம். 50 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு ஒன்றை அது 36 கி.மீ. வேகத்தில் கடக்க 500 நியூட்டன் மையநோக்கு விசை போதும். 72 கி.மீ. வேகத்திலோ 2,000 நியூட்டன் வேண்டும். வேகம் இரு மடங்கானால் தேவை நான்கு மடங்காகிறது.

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் தரக்கூடிய உராய்வு ஏறத்தாழ 1,700 நியூட்டன்தான். மழை பெய்தால் அது 1,000-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். அப்போது 54 கி.மீ. வேகமே எல்லை மீறியதாகிவிடும். ஏனெனில், அதற்கு 1,125 நியூட்டன் தேவை. தேவை இருப்பை மிஞ்சும்போது வாகனம் வளைவை விட்டு விலகிச் சறுக்குகிறது. கயிறு விடுபட்ட கவண்கல்லின் நிலைதான் அது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், உராய்வை வரம்புடைய வருமானமாகவே நான் பார்க்கிறேன். திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் அந்த ஒரே வருமானத்திலிருந்து செய்யும் இரு செலவுகள். வளைவின் நடுவே பிரேக்கை அழுத்துபவர், திரும்புவதற்கு வைத்திருந்ததையும் செலவழித்துவிடுகிறார். எனவே, வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். இதில் இழப்புதான் என்ன? 100 மீட்டர் நீள வளைவை 36 கி.மீ. வேகத்தில் கடக்க 10 விநாடி ஆகும்; 54 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 7 விநாடி. மூன்று விநாடி லாபத்துக்கு உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஓட்டுநரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வளைவின் வெளி விளிம்பைச் சற்றே உயர்த்தி அமைத்தால், மையநோக்கு விசையின் ஒரு பகுதியைச் சாலையின் சரிவே தந்துவிடும். கண்மாய்க் கரையை ஒட்டி வளைந்து செல்லும் கிராமச் சாலைகளுக்கும் இந்தக் கவனம் தேவை. வளைவில் சேரும் மணலையும் சரளையையும் அவ்வப்போது அகற்ற வேண்டும். 'அபாயகரமான வளைவு' என்று எச்சரித்தால் மட்டும் போதாது. எவ்வளவு வேகத்தில் செல்லலாம் என்பதையும் பலகையில் எழுத வேண்டும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் உலர்த்தப்படும் நெல்லும் எள்ளும் டயரின் பிடிமானத்தைக் குறைக்கின்றன. களம் இல்லாத விவசாயி வேறு எங்கு செல்வார்? ஊர்தோறும் உலர்களம் அமைப்பதும் சாலைப் பாதுகாப்புப் பணியே. இவற்றுக்கு ஆகும் செலவு, சம்பாதிக்கும் ஒருவரை விபத்தில் பறிகொடுத்த குடும்பத்தின் இழப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.