பாட்டி பிடிக்கும் கம்பியில் எத்தனை நியூட்டன்?

ஸ்கூடாயில் தாமான் யூனிவர்சிட்டி, தாமான் ஊங்கு துன் அமினா, முத்தியாரா ரினி என்று எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இரண்டு மாடி வரிசை வீடுகளைப் பார்க்கலாம். உங்கள் வீடும் அப்படியென்றால் படிக்கட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். திறந்த பக்கத்தில் தடுப்புக் கம்பி இருக்கும். இரு சுவர்களுக்கு நடுவே போகும் பகுதியில்? பல வீடுகளில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. உள்ளங்கை பட்டுப் பட்டு அழுக்கேறிய ஒரு கோடு மட்டும் சுவரில் தெரியும். வீட்டில் யாருக்கோ கைப்பிடி தேவைப்படுகிறது என்று அந்தக் கோடு சொல்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

படி ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் ஆபத்து இறங்கும்போதுதான் கூடுதல். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி ஒரு படியின் உயரம் 180 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கால் வைக்கும் இடம் 255 மி.மீ.க்குக் குறையக்கூடாது. உங்கள் அப்பாவின் பாதத்தை அளந்து பாருங்கள். 255ஐத் தாண்டினாலும் தாண்டும். ஏறும்போது முன்பாதம் பதிந்தால் போதும். இறங்கும்போதோ விரல்கள் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, முழு உடலையும் மடங்கிய ஒரு முழங்கால் தாங்கவேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பாட்டியின் எடை 60 கிலோ; அதாவது சுமார் 600 நியூட்டன். இறங்கும்போது அவருடைய ஈர்ப்பு மையம் காலைவிட 10 செ.மீ. முன்னால் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 600 × 0.10 = 60 நியூட்டன் மீட்டர். காலிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் கைப்பிடி இருந்தால், அவரை நிறுத்தத் தேவையான விசை 60 ÷ 0.85, ஏறக்குறைய 70 நியூட்டன். ஏழு கிலோ அரிசியைத் தூக்கும் பலம் போதும்! ஆனால் 40 செ.மீ. சாய்ந்த பிறகு பிடித்தால்? அதே கணக்கில் 280 நியூட்டனுக்கு மேல். அந்தக் கைகளால் அது முடியாது. ஆகவே, விழும்போது பிடிப்பதற்கு என்றில்லை. முதல் படியிலிருந்தே கை கம்பியில் இருக்கவேண்டும்.

உயரத்தையும் அதே துணைச் சட்டங்கள் சொல்கின்றன: படியின் விளிம்பிலிருந்து 825 முதல் 900 மி.மீ. வரை. மேல் படியிலும் கீழ்ப் படியிலும் விளிம்புக்கு நேர் மேலே இந்த உயரத்தைக் குறித்து, சாக்குத்தூள் தடவிய நூலை இழுத்துக் கட்டிச் சுண்டுங்கள். சுவரில் விழும் கோடு படிகளின் சாய்வுக்கு இணையாக இருக்கும். இந்த வேலை உங்களுடையது. துளை போடுவதைப் பெரியவர்களிடம் விடுங்கள்; படிக்கட்டு விளக்கின் சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடும், அங்கே துளையிடவே கூடாது என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

கம்பியைச் சுவரோடு பிடித்து நிற்பது சின்ன உலோகத் தாங்கிதான். கடையில் அழகைப் பார்த்து வாங்குகிறோம்; அதன் தகட்டைப் பார்ப்பதில்லை. கம்பி சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருக்கிறது, அதில் 600 நியூட்டன் கீழ்நோக்கி அழுத்துகிறது என்போம். தாங்கி ஒரு நெம்புகோலாகிவிடும்: தகட்டின் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல் திருகாணி வெளியே இழுக்கப்படும். அந்தத் திருகாணி கீழ் விளிம்பிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதன்மேல் 600 × 8 ÷ 6 = 800 நியூட்டன். ஆளின் எடையைவிட அதிகம்! தகடு சிறியதாகி அந்தத் தூரம் 4 செ.மீ. ஆனால் 1,200 நியூட்டன். தடுமாறி விழுபவர் சட்டென்று பிடித்தால் ஒரு கணம் இதைவிடவும் கூடும். விலை இரண்டு வெள்ளி கூடினாலும் உயரமான தகட்டையே கேட்டு வாங்குங்கள்.

சரி, 800 நியூட்டனைச் சுவரில் எது தாங்கும்? துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக். இன்று நாம் காணும் விரியும் பிளக்கை 1958இல் உருவாக்கியவர் ஜெர்மானியரான ஆர்தூர் ஃபிஷர். திருகாணி உள்ளே போகப்போக பிளக் பக்கவாட்டில் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் வெளியே வராது. ஆனால் செங்கல்மேல் பூசிய சிமெண்டுப் பூச்சு இதற்குப் பலமில்லாதது. பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்ட பிளக் இழுத்தால் பெயர்ந்துவிடும். துளை பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் போகவேண்டும். துளையில் வரும் தூள் சாம்பல் நிறத்திலிருந்து சிவப்பாக மாறினால் களிமண் செங்கல்லைத் தொட்டாயிற்று என்று தெரிந்துகொள்ளலாம்.

தாங்கிகளுக்கு இடையே ஒரு மீட்டருக்குள் வையுங்கள். காசை மிச்சப்படுத்த இடைவெளியை இருமடங்காக்கினால், அதே விசைக்குக் கம்பி எட்டு மடங்கு வளையும்.

கம்பி உருண்டையாக, 32 முதல் 50 மி.மீ. விட்டத்துக்குள் இருப்பது நல்லது. விரல்கள் சுற்றிவளைத்துக் கட்டை விரலோடு சேரவேண்டும். அகலப் பலகையை விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்கலாம், தொங்க முடியாது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விரல் முட்டி இடிக்காமல் 4 செ.மீ. விடுங்கள். நியாத்தோ மரமா, துருப்பிடிக்காத எஃகா என்பது உங்கள் அம்மாவின் விருப்பம்.

கம்பி கடைசிப் படியோடு முடிந்துவிடக்கூடாது. இருட்டில், படி முடிந்துவிட்டது என்று நினைத்து எடுத்து வைக்கும் காலடிதான் பொல்லாதது. மேலும் கீழும் 30 செ.மீ. நீட்டி, முனையைச் சுவர்ப்பக்கம் மடக்கிவிடுங்கள். சேலைத் தலைப்போ பாஜு கூரோங் கையோ மாட்டாது. பொருத்திய பிறகு மாதம் ஒருமுறை ஒவ்வொரு தாங்கியையும் ஆட்டிப் பாருங்கள். தகட்டின் ஓரத்தில் வெள்ளைத்தூள் உதிர்ந்திருந்தாலோ மெல்லிய விரிசல் தெரிந்தாலோ, மேல் திருகாணி மெதுவாக வெளியே வந்துகொண்டிருக்கலாம்.