உடம்புக்கு ஏற்ற பேஸ் கிடார்

கன்னிவாடிப் பக்கம் திருவிழாவில் உறுமி இழுக்கத் தொடங்கினால், காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூடு அதிரும். மெல்லிசைக் கச்சேரி மேடையில் அந்த அதிர்வைத் தருவது பேஸ் கிடார். பாட்டை முணுமுணுக்கும் யாரும் பேஸை முணுமுணுப்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டு வெலவெலத்துப் போகும்.

பழனி மலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, இந்த வாத்தியத்துக்குத் தமிழ்ப் பாட்டில் தனி மரியாதை தேடித் தந்தவர். ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாடலை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். எஸ்.பி.பி.யின் குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். ராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன்.

பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் நான்கு தந்திகள். தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். சாதாரண கிடாரின் தடித்த தந்தியோ 82 முறை. இந்தக் கீழ்ச் சுருதிக்காகத்தான் தந்தி நீளமாகவும் கனமாகவும் இருக்கிறது. முன்பு இதற்கு ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கித் திரிந்தார்கள். 1951இல் லியோ ஃபெண்டர், தோளில் மாட்டி, கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளை (ஃபிரெட்) பார்த்து வாசிக்கும் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அந்த டபுள் பேஸில் மேதை சார்லஸ் மிங்கஸ் (1922–1979). இவரது சுயசரிதை ‘பினீத் த அண்டர்டாக்’ 1971இல் வெளிவந்தது. தனக்குள் மூன்று பேர் இருப்பதாக மனநல மருத்துவரிடம் சொல்வதில் தொடங்கி, தன்னையே அயலானாகப் படர்க்கையில் பேசும் விசித்திரமான புத்தகம். மிங்கஸ் சிறுவயதில் செல்லோ வாசித்தவர். கறுப்பினத்தவருக்குச் செவ்வியல் மேடையில் இடமில்லை என்பதால் பேஸுக்கு மாறினார். புத்தகத்தில் பேஸ் வாசிப்பு நுணுக்கம் தேடினால் கிடைக்காது. கோபமும் ஆசையும் அவமானமும் கொட்டிக் கிடக்கும். படித்துவிட்டு அவர் இசையைக் கேட்டால் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழுகிறது. தயங்காமல் வாங்கிப் படிக்கலாம்.

வாத்தியம் வாங்குவதில் மட்டும் அவசரம் வேண்டாம். வழக்கமான பேஸில் தந்தி நீளம் 34 அங்குலம். முதல் ஃபிரெட் இடைவெளி ஏறக்குறைய 48 மி.மீ. சிறிய கைக்கு இது எட்டாது. 30 அங்குல ‘ஷார்ட் ஸ்கேல்’ வகையில் அது 43 மி.மீ.தான். பால் மெக்கார்ட்னி புகழ்பெறச் செய்த ஹாஃப்னர் பேஸும் இந்த அளவே. ஆகவே அதைப் பிள்ளைகளுக்கான வாத்தியம் என்று யாராவது ஒதுக்கினால் கேட்காதீர்கள்.

அடுத்தது எடை. நான்கு கிலோவைத் தாண்டினால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை கெஞ்சும். அகலமான தோல் ஸ்ட்ராப் பாதி வலியைத் தீர்க்கும். கடையில் உட்கார்ந்து பார்க்காமல், ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று இடது கையை விடுங்கள். பேஸின் கழுத்துப் பகுதி தானாகத் தரையை நோக்கிச் சாய்ந்தால், எவ்வளவு அழகான பேஸாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.