தெருப் பெயரே இல்லாத மலையில் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டம் சொல்லும் வழி

“சார், லேண்ட்மார்க் சொல்லுங்க!” டெலிவரி போன் வந்தால் முதல் கேள்வி இதுதான். நகரத்தில் டீக்கடை, ஏடிஎம் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஏற்காடு மலையில் தலைச்சோலை போன்ற ஊர்ப்பக்கம் என்ன சொல்வது? காபிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே, தள்ளித் தள்ளி வீடுகள். ஏற்காட்டின் பின்கோடு 636601. அது தபாலை அஞ்சலகம் வரை கொண்டுவந்து சேர்க்கும். அதற்குமேல் ஊர்க்காரர் யாராவது வழி சொல்ல வேண்டும். பார்சல் தாமதமானால் பரவாயில்லை. ஆம்புலன்ஸ் தாமதமானால்?

இதற்கு ஒரு விடை, நாம் கணக்கு நோட்டில் பார்த்த கட்டம்தான். உங்கள் வீட்டுக் குட்டிக்கும் புரிகிற மாதிரி பார்ப்போம்.

கட்டம் எப்படி வழி காட்டுகிறது?

ஒரு தாளை நெடுக்கில் 4, குறுக்கில் 4 எனப் பிரியுங்கள். 16 கட்டம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள். எறும்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரே எழுத்தில் சொல்லிவிடலாம். இன்னும் துல்லியமாக வேண்டுமா? அந்தக் கட்டத்தை மறுபடி 16 ஆகப் பிரியுங்கள். இப்போது இரண்டு எழுத்து. பிரிக்கப் பிரிக்க இடம் சிறிதாகும், பெயர் நீளும். அவ்வளவுதான் சூட்சுமம்!

டிஜிபின் என்பது என்ன?

அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. 2025 மே மாதம் அறிமுகமானது. இந்தியாவையும் அதன் கடல் பகுதியையும் ஒரு பெரிய சதுரத்துக்குள் அடக்கி, பத்து முறை 16 ஆகப் பிரிக்கிறார்கள். மொத்தம் சுமார் 1.1 லட்சம் கோடி கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 4 மீட்டர், அதாவது ஓர் அறை அளவு.

ஏற்காட்டைத் தேடிப் பார்ப்போமா? முதல் பிரிவில் அது ‘4’ என்ற கட்டத்தில் விழுகிறது. பக்கம் சுமார் 1,000 கி.மீ. உள்ள பெரிய கட்டம் அது. சென்னை, மும்பைகூட அதற்குள்தான். அடுத்த பிரிவில் ‘பி’, சுமார் 250 கி.மீ. மூன்றாவதிலும் ‘பி’, சுமார் 62 கி.மீ. ஆக, ஏற்காடு ஊருக்குள் எந்த வீட்டின் டிஜிபின்னும் ‘4பிபி’ என்றுதான் தொடங்கும். மீதி ஏழு எழுத்து வீட்டு வாசல் வரை கொண்டுபோகும்.

போனில் சொல்லும்போது குழப்பம் வரக் கூடாது என்பதால் 0, 1, ஓ, ஐ போன்றவற்றை விட்டுவிட்டு 16 குறிகளை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இது புது ஐடியாவா?

இல்லை. 1767-ல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையின் பழைய டோபோஷீட்களிலும் இதே 16 கணக்குதான். 4 டிகிரிக்கு 4 டிகிரி பரப்புக்கு ஓர் எண். அதில் 16 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்திலும் 16 தாள்கள். ஏற்காடு ஊர் இருப்பது ‘58 ஐ/1’ தாளில். ஆனால் சேர்வராயன் மலை முழுதும் ஒரே தாளில் அடங்கவில்லை. ஐ/1, ஐ/2, ஐ/5, ஐ/6 என நான்கு தாள்களை ஒட்டிவைத்தால்தான் மலை முழுசாகத் தெரியும். கோடு போட்டவர்கள் மலையைப் பார்த்துப் போடவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்துப் போட்டார்கள்.

கட்டத்துக்குத் தெரியாதவை

முதலாவது, அக்கம்பக்கம். மும்பைக்கும் ஏற்காட்டுக்கும் முதல் குறி ‘4’. பக்கத்திலிருக்கும் ஈரோட்டுக்கோ ‘எம்’! எல்லைக்கோடு நடுவில் போவதுதான் காரணம். எழுத்து வேறாக இருப்பதால் தூரம் என்று நினைக்கக் கூடாது.

இரண்டாவது, உயரம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேல் வளைவும் கீழ் வளைவும் மேப்பில் ஒட்டி ஒட்டி இருக்கும். வண்டியில் போனால்தான் தூரம் தெரியும். கட்டத்துக்குப் பள்ளமும் தெரியாது, பாதையும் தெரியாது. மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே டிஜிபின்தான். டோபோஷீட்டில் கட்டத்தோடு சேர்த்து உயரத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகளையும் வரைந்திருப்பது இதற்காகத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

டிஜிபின் பழைய முகவரிக்கு மாற்று அல்ல, துணை. அஞ்சல் துறையின் இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கும், ஊரில் தாத்தா பாட்டி வீட்டுக்கும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பெயரோ போன் நம்பரோ இருக்காது, இடம் மட்டும்தான். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பத்துக் குறிகளை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், போனில் படித்துக் காட்டலாம். மலை ஊர் என்றால் கூடவே ஒரு வரி சேருங்கள்: எந்த ரோட்டில் திரும்ப வேண்டும், வண்டி எதுவரை வரும், அதற்குமேல் எவ்வளவு நடக்க வேண்டும். எங்கே என்பதைக் கட்டம் சொல்லிவிடும். எப்படி வருவது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.