இருவர் வண்டியில் இரண்டு சைக்கிள்

இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாத காரில் இரண்டு சைக்கிள்களை எப்படி ஏற்றுவது? இக்கேள்விக்கு விடை காண ஒரு கோடைகாலம் முழுவதையும் செலவிட்டவன் நான். விடை கிடைத்தது. அதற்கு நடுவில், பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து மயிரிழையில் தப்பவும் நேர்ந்தது. இரண்டையும் இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் நாங்கள் குடியிருந்த காலம் அது. எங்களிடம் இருந்தது மாஸ்டா மியாட்டா என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார். 1989-ஆம் ஆண்டில் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, துணிக்கூரை, இரண்டு கைப்பெட்டிகளோடு நிரம்பிவிடும் டிக்கி. நானும் என் மனைவியும் போக விரும்பிய இடமோ எல்ராய்-ஸ்பார்ட்டா பாதை. ரயில் போக்குவரத்து நின்றுபோன தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றியமைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. ஏறக்குறைய 51 கிலோமீட்டர் நீளம்; வழியில் மூன்று சுரங்கங்கள். நீளமான சுரங்கம் 1,160 மீட்டர். உள்ளே கும்மிருட்டு, கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், கைவிளக்கோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கவேண்டும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காருக்குத் திரும்பமாட்டேன்.

துணிக்கூரையின்மேல் சைக்கிளை வைக்க இயலாது. டிக்கி மூடியில் வார் போட்டுக் கட்டும் சட்டம் கடையில் கிடைக்கும். ஆனால் மெல்லிய மூடி நெளியும், வர்ணம் உரியும். ஆகவே காரின் அடிச்சட்டத்தோடு ஓர் இரும்புக் குறுக்குச்சட்டத்தைப் பொருத்தி, அதன் நடுவில் ஒன்றேகால் அங்குலச் சதுரக் குழாய் ஒன்றைப் பின்னோக்கி வைத்து, அதில் சைக்கிள் தாங்கியைச் செருகுவதென்று தீர்மானித்தேன். வாங்குவதைவிடச் செய்வது இன்பம் என்று அப்போது எண்ணினேன்.

நான் தொழிலால் கணக்கு ஆசிரியன். ஆகையால் முதலில் எடுத்தது ஸ்பானரை அன்று, பென்சிலை. சைக்கிள் ஒன்று 12 கிலோ. தாங்கி 14 கிலோ. ஆக 38 கிலோ. இது சொற்பந்தானே என்று தோன்றும். ஆனால் பாரம் நிற்பது போல்ட்டின்மேல் அன்று. அதற்கு 60 சென்டிமீட்டர் பின்னால். பக்கத்துக்கு இரண்டு போல்ட்டு. முன்னதற்கும் பின்னதற்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி சட்டத்தின் முன்முனை காரை மேல்நோக்கி 114 கிலோ விசையோடு உந்தும். பின் போல்ட்டுகள் இரண்டும் சேர்ந்து 152 கிலோ இழுப்பைத் தாங்கவேண்டும். சாலைப் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது இதை மூன்று மடங்காகவாவது வைத்துக்கொள்வது நலம். அப்படியானால் ஏறத்தாழ 450 கிலோ.

போல்ட்டு தாங்குமா? தலையில் 8.8 என்று பொறித்த 10 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்று, நீண்டு கெட்டுப்போகுமுன் மூன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். போல்ட்டைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. கவலை அது பிடித்திருக்கும் தகட்டைப் பற்றியதே. இக்காலத்துக் கார்களின் உடல் மெல்லிய தகடுகளை மடித்து இணைத்தது. ஓரிடத்தில் இழுத்தால் துளை கிழியும். ஆகவே, காரை ஏற்றிச் செல்லும்போது கட்டுவதற்கென்று கொக்கி பொருத்தியிருந்த உறுதியான இடங்களையே தேர்ந்தெடுத்து, உள்ளே 6 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்துப் பாரத்தைப் பரவச் செய்தேன்.

இன்னொன்று. நம் ஊர் வண்டிக்காரர்கள் 'பின்பாரம்' என்று சொல்வார்கள். வண்டியின் பின்புறம் சுமை மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். காருக்கும் அதே விதி. பின் அச்சுக்கு 140 சென்டிமீட்டர் பின்னால் 38 கிலோ தொங்கினால், 226 சென்டிமீட்டர் அச்சிடைவெளியுள்ள என் வண்டியில் முன் சக்கரங்களின் பாரம் 23 கிலோ குறையும். ஓட்டும்போது திசைதிருப்பும் சக்கரம் கையில் சற்று இலேசாகப்படும். மழையில் வேகத்தைக் குறைத்தேன்.

கணக்கெல்லாம் சரி, பற்றவைப்பில்தான் தவறினேன். வீட்டில் 120 வோல்ட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறிய பற்றவைப்பு இயந்திரம் இருந்தது. மெல்லிய குழாயை அது நன்றாக உருக்கியது; 6 மில்லிமீட்டர் தகட்டையோ போதிய அளவு உருக்கவில்லை. கனத்த இரும்பு வெப்பத்தை உறிஞ்சிவிடும். மேலே பார்த்தால் அழகிய வரி. உள்ளே, சுவரில் ஒட்டிய சேறு போலத்தான். இதை அறியாத நான் வர்ணம் பூசி, குழாயின் கோடியில் ஏறி நின்று, குதித்தும் பார்த்தேன். என் எடை 70 கிலோ. அசையவில்லை! மனைவியையும் அழைத்துக் காட்டினேன்.

ஒரு மாதம் கழித்துத் தாங்கியைக் கழற்றித் துடைக்கையில், பற்றவைத்த ஓரத்தில் தலைமயிர் போன்ற செந்நிறக் கோடு ஒன்று தெரிந்தது. துருதானே என்று நகத்தால் சுரண்டினேன். அது துரு மட்டும் அன்று, வெடிப்பு. விளக்குப் பிடித்துப் பார்த்தால், இணைப்பின் மூன்றில் ஒரு பங்கு பிளந்திருந்தது. முந்தைய ஞாயிறன்று நெடுஞ்சாலையில் எங்கள் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வெகுதூரம் வந்தார். அவர் நினைவு அன்றிரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை.

ஏறி நின்று பார்த்த சோதனை ஏன் பொய்த்தது? அது ஒரு முறை வைத்த பாரம். சாலையோ ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஆட்டுகிறது. கம்பியை ஒரே தடவையில் இழுத்து அறுக்க முடியாத குழந்தையும், மடக்கி மடக்கி ஒடித்துவிடுகிறது அல்லவா? இரும்பின் களைப்பு என்பது அதுதான்.

மறுநாளே அதைத் தொழில்முறைப் பற்றவைப்பாளர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் என் வேலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. பழையதை அரைத்து நீக்கி, ஓரங்களைச் சரிவாகச் சீவி, வலிய இயந்திரத்தால் இணைத்து, இருபுறமும் முக்கோணத் தகடுகள் சேர்த்துத் தந்தார். பிறகு நான் அதற்குக் கறுப்பு வர்ணம் பூசவில்லை. வெள்ளை பூசினேன், வெடிப்பு எழுந்தால் துரு உடனே தெரியும்.

மீதி வேலைகள் சிறியவை. புகைக்குழாய் வலப்பக்கம் இருந்ததால், அதன் நேர் பின்னால் சைக்கிள் டயர் வராதபடி தாங்கியை உயர்த்தினேன். சூடான புகை ரப்பரைக் கெடுத்துவிடும். எண் பலகையையும் நிறுத்த விளக்கையும் சைக்கிள்கள் மறைத்ததால், தாங்கியின் பின்னாலேயே விளக்குகள் கொண்ட ஒரு பலகையை மாட்டினேன். செருகிய குழாய் கடகடவென்று ஆடாதிருக்க, அரை அங்குல முளையோடு ஓர் இறுக்குத் திருகும் சேர்த்தேன்.

சில ஆண்டுகள் கழித்துக் காரை விற்றபோது, வாங்கியவர் அந்தச் சட்டத்தையும் கேட்டார். கொடுத்தேன். அதன்மேல் ‘40 கிலோவுக்கு மேல் வேண்டாம், இழுவைக்கு அல்ல’ என்று வர்ணத்தால் எழுதி, வெள்ளைப் பூச்சின் காரணத்தையும் அவருக்கு விளக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.