புனித பூமியின் கண்ணீரும் கிறிஸ்தவர் கடமையும்

பெத்லெகேம், நாசரேத்து, யெருசலேம் என்னும் ஊர்ப்பெயர்களை அறியாத கிறிஸ்தவக் குழந்தை இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்னரே அவற்றைச் செபத்திலும் பாட்டிலும் நாம் கற்றுவிடுகின்றோம். ஆனால், அவ்வூர்களில் இன்று வாழ்வோர் யாவர், அவர்கள் படும் துயர் யாது என்று எவரேனும் வினவினால், விடை கூற அறியாது விழிப்போரே நம்மிற் பலர். இஸ்ரேலியருக்கும் பலஸ்தீனருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நிகழும் போராட்டத்தைப் பற்றிப் பேச்செழும்போது, ஒரு சாரார் வேதாகமத்தைக் காட்டி, “அந்நிலம் யூதருக்குக் கடவுள் கொடுத்தது, இனிப் பேச என்ன இருக்கின்றது?” என்பர். மற்றொரு சாரார் யூதர் என்ற பெயரையே வெறுப்புடன் உச்சரிப்பர். இவ்விரு வழிகளுள் எதுவேனும் கிறிஸ்தவ நெறியாகுமா என்பதே நம் கேள்வி.

நாம் பட்ட கடன்

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். யூதருக்குக் கிறிஸ்தவ உலகம் இழைத்த தீங்கு சிறிதன்று. 1096ஆம் ஆண்டில் முதலாவது சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டத்தார் வழியிலே ரைன் நதிக்கரை நகரங்களில் யூதரைக் கொன்று குவித்தனர். 1290இல் இங்கிலாந்தும், 1492இல் ஸ்பெயினும் அவர்களை நாட்டைவிட்டே துரத்தின. ஈற்றில், ஹிட்லரின் ஆட்சியில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் மாண்டனர். அக்கொடுமை நடந்தது ஞானஸ்நானம் பெற்றோர் நிறைந்த நாடுகளிலேயாம். யேசுவின் மரணத்துக்காக யூத இனம் முழுவதையும் குற்றஞ்சாட்டலாகாது என இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தெளிவாக அறிவித்தது 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதியன்று. எத்துணை தாமதமான அறிவிப்பு!

ஆகவே, யூதர் அச்சமின்றி வாழ ஓர் இடம் வேண்டுமென்று கேட்டபோது அதனை ஏளனம் செய்யக் கிறிஸ்தவருக்கு உரிமையில்லை. அந்நாட்டோடு அவர்களுக்குள்ள தொடர்பும் மிகப் பழையது. ஆனால், கடனைப் பட்டவர் யார்? கொடுத்தவர் யார்? 1947 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை பலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. யூதத் தலைவர்கள் அதனை ஏற்றனர்; அரபியர் மறுத்தனர். உள்நாட்டிலே தொடங்கிய சண்டை, 1948 மே மாதத்தில் இஸ்ரேல் தோன்றியதும் அயல் அரபு நாடுகளின் படைகளும் புகப் பெரும் யுத்தமாயிற்று. அதில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பலஸ்தீனர் வீடிழந்து அகதிகளாயினர். பின்வந்த ஆண்டுகளில் அரபு நாடுகளிலிருந்தும் இலட்சக்கணக்கான யூதர் வெளியேற நேர்ந்தது. ஐரோப்பா பட்ட கடனுக்குக் கலிலேயாவின் உழவன் தன் காணியைக் கொடுத்தான். நம் கடனை அயலான் காணியை விற்றுத் தீர்ப்பது நேர்மையாகுமா?

வாக்களிக்கப்பட்ட நிலம் என்போர் நாபோத்தின் கதையையும் மறத்தலாகாது. ஆகாப் இஸ்ரவேலின் அரசன். நாபோத்தோ ஒரு திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன். அத்தோட்டத்துக்காக அவன் உயிர் பறிக்கப்பட்டபோது, எலியா தீர்க்கதரிசி அரசனையே எதிர்த்து நின்றார். நிலத்தின் வாக்குறுதியோடு நீதியின் கட்டளையும் பிணைந்தே வருகின்றது.

இக்ரித் புகட்டும் பாடம்

லெபனான் எல்லைக்கு அண்மையில், மேற்குக் கலிலேயாவிலே இக்ரித் என்றொரு கிராமம் இருந்தது. அங்கு வாழ்ந்தவர் அரபு மொழி பேசும் கிறிஸ்தவர். 1948ஆம் ஆண்டு நவம்பரில் இஸ்ரேலிய இராணுவம் அவர்களை வெளியேறுமாறு பணித்தது. இரு வாரங்களில் திரும்பலாம் என்ற உறுதிமொழியை நம்பி, அவர்கள் கதவுகளைப் பூட்டிக்கொண்டு சென்றனர். வாரங்கள் ஆண்டுகளாயின. அவர்கள் கல்லெடுக்கவில்லை, நீதிமன்றத்தை நாடினர். 1951 ஜூலையில் இஸ்ரேலின் உயர் நீதிமன்றம் அவர்கள் ஊர் திரும்பத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆயினும், அவ்வாண்டு நத்தார்த் திருநாளையொட்டி, இராணுவம் அவ்வூரின் வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தது. தேவாலயமும் சேமக்காலையுமே எஞ்சின. அண்டையிலிருந்த பிராம் என்னும் கிறிஸ்தவக் கிராமம் 1953 செப்டெம்பரில் இவ்வாறே அழிந்தது.

இக்கதை இங்கே முடியவில்லை. 1972ஆம் ஆண்டில், அதிமேற்றிராணியார் ஜோசப் ராயா இவ்விரு ஊராருக்காகக் குரலெழுப்பினார். யெருசலேமில் நடைபெற்ற ஊர்வலத்தில் அரபியரோடு யூதரும் திரளாய்ச் சேர்ந்து நடந்தனர். அரசாங்கம் இணங்கவில்லை. இறந்தோரை மட்டும் பழைய சேமக்காலையில் அடக்கம் செய்ய இக்ரித் மக்களுக்கு இடமளிக்கப்பட்டது. உயிரோடு திரும்பிச் சென்று குடியேற இன்றளவும் வழி பிறக்கவில்லை.

வாசகர்கள் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக. ஊரை இடித்தவரும் யூதர். அம்மக்களுக்கு நியாயம் வழங்கிய நீதிபதிகளும் யூதர். அவர்களோடு வீதியில் நடந்தோரிலும் யூதர் இருந்தனர். அவ்வாறாயின் எந்த இனத்தை முற்றாக வெறுப்பது? எந்த அரசாங்கத்தின் செயலை முற்றாகப் போற்றுவது? வீடிழந்தவர்களோ நம் விசுவாசத்தில் நம் உடன்பிறப்புகள்; பெந்தெகொஸ்தே நாள் தொட்டு அம்மண்ணில் செபித்துவரும் திருச்சபையின் மக்கள். அவர்களை மறந்துவிட்டுப் புனித பூமியை நேசிப்பதாகக் கூறுவது, வீட்டாரைத் தள்ளிவிட்டு வீட்டைக் கும்பிடுவது போலாம்.

ஒரு கண்ணால் மட்டும் அழலாமா?

2023 ஒக்டோபர் 7ஆம் திகதி, ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர்; சுமார் 250 பேரைச் சிறைப்பிடித்துச் சென்றனர். முதியோரைப் பராமரிக்கும் தொழிலுக்குச் சென்றிருந்த நம் இலங்கையரும் அன்று உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த யுத்தத்தில், 2025 ஓகஸ்டுக்குள் காஸாவில் மாண்டோர் தொகை 60,000ஐத் தாண்டியதாக அங்குள்ள சுகாதார அமைச்சு கணக்குரைத்தது. அவர்களுட் பெண்களும் சிறுவர்களும் எண்ணிறந்தோர். 2025 ஜூலை 17ஆம் திகதி, அகதிகள் தங்கியிருந்த காஸாத் திருக்குடும்ப ஆலயமும் எறிகணைக்கு இலக்காகி மூவர் மாண்டனர்.

இத்தகைய வேளையில் கிறிஸ்தவன் எங்கு நிற்பது? யெருசலேமின் கருதினால் பிட்ஸபாலா ஆண்டகை, சிறைப்பட்ட பிள்ளைகளை விடுவிப்பதற்காகத் தம்மையே பணயமாக ஒப்படைக்கத் தயார் என்று 2023 ஒக்டோபரில் அறிவித்தார். பின்னர், அவரே குண்டுபட்ட காஸா ஆலயத்துக்கும் நேரிற் சென்று ஆறுதல் கூறினார். பாப்பரசர் பிரான்சிஸ் அவ்வாலயத்தாரோடு பெரும்பாலும் இரவுதோறும் தொலைபேசியிற் பேசி நலம் விசாரித்தார். 2025 ஏப்ரலில் அவர் மறையும் வரை அது நின்றதில்லை. இவர்கள் இரு பக்கத்துப் பிணங்களையும் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை. இரு பக்கத்துத் தாயரின் கண்ணீரையும் கண்ணீராகவே கண்டனர். 1994இல் ஹமாஸின் கையில் மகனைப் பறிகொடுத்த இத்ஸாக் பிராங்கெந்தால் என்ற யூதர், பழி தேடாது, பிள்ளைகளை இழந்த யூதரையும் பலஸ்தீனரையும் ஓரிடத்தில் அமர்த்தும் சங்கமொன்றை மறு ஆண்டில் தொடங்கினார். கிறிஸ்தவரல்லாத ஒருவரிடமிருந்து கிறிஸ்தவர் இப்பாடத்தைக் கற்பதில் இழுக்கில்லை. நல்ல சமாரியன் கதையும் அதைத்தானே கூறுகின்றது?

நாம் செய்யத்தக்கவை

கடல் கடந்து வாழும் நம்மால் என்ன இயலும் என்று சோர்தல் வேண்டா. முதலாவதாக, நம் நாவைக் காப்போம். யூதரை இழித்துரைக்கும் பழைய பேச்சுகளை நம் வீட்டிலும் ஞாயிறு வகுப்பிலும் நுழைய விடாதிருப்போம். அவ்வாறே, குண்டு விழும் செய்தியைக் கேட்டு, “வேதவாக்கு நிறைவேறுகின்றது” என்று மகிழும் கொடுமையையும் விலக்குவோம்.

இரண்டாவதாக, உண்மையை அறிவோம். மாணவர்கள் இருதரப்பார் எழுதிய வரலாறுகளையும் வாசித்தல் நன்று. நிராயுதபாணிகளைக் கொல்வதும், பிறர் நிலத்தைப் பறிப்பதும் யார் செய்யினும் பாவமே என்று அச்சமின்றிக் கூறப் பழகுவோம்.

மூன்றாவதாக, நம் நாட்டிலிருந்து திருத்தல யாத்திரை செல்வோர் பழைய கற்களை முத்தமிட்டுத் திரும்புவதோடு அமையாது, அங்குள்ள உயிருள்ள திருச்சபையோடும் ஒரு வேளையேனும் கூடி வழிபட்டு வருவார்களாக. பெத்லெகேமில் ஒலிவ மரத்தைச் செதுக்கிப் பிழைக்கும் குடும்பங்களின் குறைகளைக் கேட்பார்களாக. யூதர் ஒருவரின் அச்சத்தையும் செவிமடுப்பார்களாக.

இரவு செபத்தில் யெருசலேமின் சமாதானத்துக்காக மன்றாடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அம்மன்றாட்டில் இனிக் காஸாவின் பிள்ளைகளும், சிறைப்பிடிப்பில் மாண்டோரின் பெற்றோரும், இக்ரித்தின் வெறுமையான குன்றும் இடம்பெறட்டும். நீதியைத் தள்ளிவிட்டுச் சமாதானத்தை மட்டும் கேட்பது பாதி வேண்டுதலே. அதனை முழு வேண்டுதலாக்குவது நம் ஒவ்வொருவரின் கடனாகும்.