மஞ்சளிற் கலந்த காரீயம்

மஞ்சளைக் குற்றமற்ற பொருள் என்றே நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கருதி வந்திருக்கிறார்கள். குழம்பிலும் அதற்கு இடமுண்டு. கலியாணப் பந்தலிலும் இடமுண்டு. அந்த மஞ்சளின் வழியாகவே கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் காரீயம் புகுந்தது என்று கேட்டால் யார்தான் திடுக்கிடாமலிருப்பார்கள்? நமது அண்டை நாடாகிய பங்களாதேசத்தில் நேர்ந்தது இதுவே. அத்தீமையை அந்நாடு அடக்கிய விதமோ, பொதுக் காரியங்களில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

இவ்வழக்கம் பிறந்த கதை எளியது. 1980களில் அங்கே பெரு வெள்ளம் வந்தது. கிழங்குகள் ஈரம் பட்டு நிறம் மங்கின. வாங்குவோரோ பளிச்சென்ற மஞ்சளையே கேட்டார்கள். கிழங்குக்கு மெருகேற்றுவோர் லெட் குரோமேட் என்னும் சாயத்தைத் தூவி நிறம் கொடுக்கலாயினர். அது பெயிண்டுக்கு உரிய பொருள். காரீயமும் குரோமியமும் அடங்கியது. வெள்ளம் வடிந்தது, வழக்கம் வடியவில்லை.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையினரும் டாக்கா நகரத்து ஆராய்ச்சியாளரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. மஞ்சள் மிகுதியாக விளையும் 9 மாவட்டங்களுள் 7இல் இச்சாயக் கலப்புக்குச் சான்று கிடைத்தது. கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்திலிருந்த காரீயமும் மஞ்சளிலிருந்த காரீயமும் தன்மையில் ஒத்திருந்தன.

காரீயம் உடலுக்கு எவ்வித நன்மையும் செய்வதன்று. சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து எலும்பிலே குடியேறிக்கொள்ளும். பெண் கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து சிசுவையும் தாக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு.

கடைப் பொடி வேண்டாம், கிழங்கை வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வோம் என்று சிலர் கூறலாம். ஆனால் சாயம் ஏறுவது கிழங்கின் மேலேயே அன்றோ! கொதிக்க வைத்தாலும் காரீயம் போகாது. கண்ணுக்கும் நாவுக்கும் அது அகப்படுவதுமில்லை. ஆகவே, இது இல்லத்தரசிகளின் ஜாக்கிரதைக்கு விட்டுவிடக்கூடிய விஷயமன்று. சர்க்காரின் கடமை என்று நாம் வற்புறுத்துகிறோம்.

பங்களாதேசம் அக்கடமையைச் செய்தது. 2019இல் பத்திரிகைகளின் மூலமும் துண்டுப் பிரசுரங்களின் மூலமும் அபாயம் பறைசாற்றப்பட்டது. டாக்காவின் மொத்த வியாபாரச் சந்தைக்கு அதிகாரிகள் பரிசோதனைக் கருவியுடன் சென்றார்கள். நடமாடும் நீதிமன்றம் அங்கேயே விசாரித்துக் குற்றவாளிகளுக்கு அபராதம் விதித்தது; அக்காட்சியை ஊரெல்லாம் பார்த்தது. பலன் என்ன? 2019இல் சந்தை மாதிரிகளுள் நூற்றுக்கு 47இல் காரீயம் காணப்பட்டது. 2021இல் ஒன்றிலும் இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலும் காரீயம் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. செல்வம் மிகுந்த நாடன்று அது. மனமிருந்தது; மார்க்கம் பிறந்தது.

நமது நிலை என்ன? ஒரு கிராம் மஞ்சளில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கலாகாது என்று இந்தியாவில் விதி இருக்கிறது. ஆயினும் 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாட்னா நகரத்தில் வாங்கிய மஞ்சளில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேலும் காரீயம் இருந்ததைக் காட்டிற்று. விதியின் அளவைப்போல் நூறு மடங்கு! ஏட்டிலே உறங்கும் சட்டம் எவ்வுயிரையும் காக்காது.

ஆதலின், தேச ஊழியர்கள் தத்தம் ஊர்ச் சந்தைகளில் மஞ்சள் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, முடிவு என்ன, யார் தண்டிக்கப்பட்டார் என்று அதிகாரிகளைக் கேட்க வேண்டும். விடை வரும்வரை ஓயலாகாது. வாங்குவோரும் பளபளப்பின் மேலுள்ள மோகத்தை விடவேண்டும். நேர்மையாக மஞ்சள் விளைவிக்கும் குடியானவனுடைய பெயரைக் காப்பதும் இதுவே. பக்கத்து வீட்டார் இரண்டே வருஷத்தில் அணைத்த நெருப்பை நம் வீட்டில் எரிய விட்டுக்கொண்டிருப்பதற்கு நியாயம் ஒன்றுமில்லை.