பிள்ளை பேரில் இருக்கும் பணம்... அவசரத்துக்குப் பெற்றோர் எடுக்கலாமா?

“பையன் பேர்ல கொஞ்சம் பணம் கிடக்கு. அதை எடுத்துக் கடனை அடைச்சிட்டு, அப்புறம் போட்டுக்கலாமே?” வட்டி ஏறிக்கொண்டே போகும் மாதங்களில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. கேட்பவர்கள் யாரும் கெட்ட பெற்றோர் இல்லை. பிள்ளைக்காகத்தானே ஓடுறோம், அவன் பணமும் நம்ம பணமும் வேறயா என்ற எண்ணம்தான்.

சட்டத்தின் பார்வையில் வேறுதான். 18 வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் பணமோ சொத்தோ இருந்தால் அதற்கு உரிமையாளர் அந்தப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் காப்பாளர்கள், அதாவது பார்த்துக்கொள்பவர்கள். பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு அதிகாரம் என்பது, அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

விபத்து இழப்பீட்டில் பிள்ளையின் பங்கு

மிகவும் இறுக்கமான பூட்டு இங்கேதான். சாலை விபத்தில் அப்பா இறந்துவிட்டால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீட்டை மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று பங்கு பிரித்துத்தான் உத்தரவு போடும். சிறுவர்களின் பங்கு கைக்கு வராது. அவர்களுக்கு 18 வயதாகும் வரை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்படும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. அந்த வைப்பின் மேல் வங்கி கடனோ முன்பணமோ தரக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

வட்டியை மட்டும் காப்பாளர் வாங்கிக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டில் பல உத்தரவுகளில் எழுதியிருப்பார்கள். அசலில் கை வைக்க வேண்டுமென்றால் அதே தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். பிள்ளையின் படிப்பு, மருத்துவம் போன்ற காரணமும், கல்லூரிக் கட்டணச் சீட்டு, மருத்துவமனை மதிப்பீடு போன்ற ஆதாரமும் தேவை. வீட்டுக் கடனையோ அண்ணன் கல்யாணச் செலவையோ காட்டிக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

சம்பாதித்தவர் போய்விட்ட வீட்டில், பணம் வங்கியில் இருக்க, அரிசிக்கு வழி தேடுவது கொடுமையாகத் தெரியலாம். தெரிவதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பூட்டு அந்த அம்மாவுக்கே ஒரு பாதுகாப்பு. இழப்பீடு வந்த செய்தி ஊருக்குத் தெரிந்ததும், “ஆறு மாசத்துல திருப்பித் தர்றேன்” என்று வாசலுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் “முடியாது” என்று சொல்வது எல்லோராலும் ஆகாது. “கோர்ட் உத்தரவு, என் கையெழுத்துக்குப் பணம் வராது” என்று சொல்ல முடிகிறதே, அது பெரிய விஷயம்.

நிலமும் வீடும்

தாத்தா பேரன் பெயருக்கு எழுதி வைத்த மனை. பணமுடை வந்ததும் அப்பா அதை விற்கிறார். இது அடிக்கடி நடப்பது. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் சிறாரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தானமாகக் கொடுக்கவோ இயற்கைக் காப்பாளருக்கு அதிகாரம் இல்லை. மீறி விற்றால், பிள்ளை 18 வயதைத் தாண்டியதும் 3 ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். வழக்குத்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தச் சொத்தைத் தானே வேறொருவருக்கு விற்பது போன்ற தெளிவான செயலின் மூலமும் பழைய விற்பனையை மறுக்கலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மைனர் சொத்தை வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தில் உள்ள பங்குக்கு விதி வேறு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவரவர் தனிச்சட்டமும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் பொருந்தும். சித்தப்பா, மாமா போன்றவர்கள் பிள்ளையை வளர்த்து வந்தாலும், நீதிமன்றம் நியமிக்காதவரை சொத்தைத் தொட முடியாது.

அம்மா கையெழுத்து செல்லுமா?

கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களில் முதலீடு செய்ய, தானே காப்பாளர் என்று கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். கணவருக்கும் அதில் முழுச் சம்மதம். ஆனாலும் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1999-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் “தந்தை, அவருக்குப் பிறகு தாய்” என்று இருப்பதை, தந்தை இறந்த பிறகு என்று மட்டும் படிக்கக் கூடாது. அவர் பொறுப்பில் இல்லாதபோதும், இருவரும் பேசி அம்மாவிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கும்போதும் அம்மாவே காப்பாளர். ஒரு சேமிப்புப் பத்திரத்துக்கு இத்தனை வருஷப் போராட்டம்!

நாமே சேர்த்துப் போடும் பணம்

காதுகுத்து மொய், தாத்தா பாட்டி கொடுத்தது, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. இவற்றைப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்தப் பணம் அவசரத்துக்கு நமக்குத் தேவைப்படுமா?

தேவைப்படலாம் என்றால் உங்கள் பெயரிலேயே போட்டு, பிள்ளையை நாமினியாகக் காட்டுங்கள். நாமினி மைனர் என்பதால், அவர் சார்பில் பணத்தைப் பெற ஒரு பெரியவர் பெயரையும் சேர்க்க வேண்டும். நிச்சயம் தொடமாட்டோம் என்றால் மட்டும் பிள்ளை பெயர். மைனர் பெயரில் உள்ள வைப்பை இடையில் உடைக்கப் போனால், “குழந்தையின் நலனுக்காக எடுக்கிறேன்” என்று வங்கியில் எழுதிக் கேட்பது வழக்கம். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு நகைக்கடனை மீட்டால், அது பொய்.

பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். 10 வயதுக்குள் கணக்கு தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 ஆண்டுகள் கட்டினால் 21-வது ஆண்டில் முதிர்வு. 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. காலாண்டுதோறும் அரசு மாற்றலாம். 18 வயதுக்குப் பிறகோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். அப்பாவின் கடனுக்கு எடுக்க வழியில்லை என்பதுதான் என் பார்வையில் இதன் சிறப்பு. தாத்தா பாட்டி பணம் தரலாம், கணக்கைப் பெற்றோர்தான் தொடங்க வேண்டும்.

வரி மிச்சமாகும் என்று பிள்ளை பெயரில் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பொதுவாக மைனரின் வட்டி வருமானம், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்க்கப்படும். பழைய வரி முறையில் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் மட்டும் விலக்கு.

கடன் உள்ள அப்பாக்களுக்கு

தொழில் செய்பவர்கள், கடன் வாங்கியவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வசதி 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தில் இருக்கிறது. திருமணமான ஆண் தன் ஆயுள் காப்பீட்டை இந்தச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகளுக்கென்று எடுத்தால், அந்தத் தொகை அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிவிடும். கடன்காரர்கள் உரிமை கோர முடியாது. கடன்காரரை ஏமாற்றத்தான் எடுத்தார் என்று நிரூபணமானால் மட்டும் நிலைமை வேறு. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. அப்புறம் நாமே நினைத்தாலும் அந்தப் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது.

18-வது பிறந்த நாளுக்கு முன்

அன்றிலிருந்து காப்பாளர் கையெழுத்து செல்லாது. மியூச்சுவல் ஃபண்ட் என்றால், பிள்ளை மேஜராகிவிட்டதாகப் பதிவு செய்யும் வரை பரிவர்த்தனை நின்றுவிடும். கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரத்தில் இதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பான் எண், மாதிரிக் கையெழுத்து, வங்கியின் புதிய படிவங்கள் எல்லாவற்றையும் சில மாதங்கள் முன்பே தயார் செய்யுங்கள். இழப்பீட்டு வைப்பு என்றால் தீர்ப்பாய உத்தரவின் நகல் மிக முக்கியம். நேராக வங்கிக்குப் போகலாமா, மீண்டும் மனு போட வேண்டுமா என்பது அதில் உள்ள வாசகத்தைப் பொறுத்தது. ரசீது தொலைந்து, வங்கியும் இன்னொன்றோடு இணைந்துவிட்டதா? 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது. ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரை வைத்துத் தேடிப் பார்த்து, சம்பந்தப்பட்ட வங்கியில் கேட்டு வாங்கலாம்.